கோழி செத்தால் யாரிடம் சொல்லுவது?

மதுரையிலிருந்து மேலூர் போகும் ரோட்டில், யானைமலைக்கு அடியில் இருக்கின்றது ஒத்தக்கடை. பெயர்தான் ஒத்தக்கடையே ஒழிய, இன்று அங்கே கோழிக்கறிக் கடைகளை மாத்திரம் எண்ணினாலும் ஒரு கை விரல் போதாது. இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. 1965-ல் ஏற்பட்ட விவசாயக் கல்லூரி பக்கத்திலே இருக்கின்றது. 2004 முதல் ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையும் பக்கத்திலே இருக்கின்றது. அதாவது விஞ்ஞானம் ஒரு புறம், சட்டம் ஒரு புறம். இவ்விரண்டுக்கும் நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள ஒரு கிராமத்தில் நாம் கண்ட ஒரு சங்கதியைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டியதில்லை. ஏனெனில் இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அங்கே வயது சென்ற ஓர் அம்மாள் 11 கோழி வளர்த்து வந்தார். நான்கு நாளில் 7 கோழிகள் செத்து விழுந்தன. முதல் நாள் அந்த அம்மாள் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். இரண்டாம் நாள், இருந்தவற்றில் நல்ல சேவலாகப் பார்த்துக் கருப்பனுக்கு நேர்ந்து விட்டார். மூன்றாம் நாள், இனி பிழைக்காது என்று தெரிந்த 2 கோழிகளை அறுத்துக் குழம்பு வைத்தார். அதில் ஒரு பங்கு மகள் வீட்டுக்கும் போயிற்று. செத்தவை எல்லாம் கண்மாய்க்குப் போயின. மிஞ்சியது நேர்ந்துவிட்ட சேவலும் ஒரு பெட்டையுந்தான்.

"ஏன் ஆத்தா, மாட்டாஸ்பத்திரியிலே போய்ச் சொல்லவில்லையா?" என்று கேட்டோம்.

"மாட்டுக்குத்தானய்யா மாட்டாஸ்பத்திரி. கோழிக்கு எவன் வருவான்? சொன்னா மிச்சத்தையும் புடிச்சுக் கொன்னு போட்டுருவாகன்னுல்ல சொல்றாக!" என்றார்.

தோழர்களே! அந்தக் கோழிகள் எதனால் செத்தன? நமக்குத் தெரியாது. அந்த அம்மாளுக்கும் தெரியாது. சர்க்காருக்கும் தெரியாது. வெள்ளைக் கழிச்சலாகவே இருக்கலாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். இன்னதென்று அறிவதற்கு இருந்த ஒரே சாக்ஷி கண்மாய்த் தண்ணீரில் அழுகிவிட்டது. ஒத்தக்கடைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று யாரையும் பயமுறுத்த நாம் இதை எழுதவில்லை. வந்தாலும் தெரியாமல் போகும்படியான நிலையில் நாம் இருக்கின்றோமே, அதற்கு யார் ஜவாப்தாரி என்று கேட்பதற்காகவே எழுதுகின்றோம்.

முதலில் இந்த நோய் இன்னதென்று பார்ப்போம். பறவைக் காய்ச்சல் என்பது வைரஸ் என்னும் கிருமியால் வருவது. எச்5என்1 என்று பெயர் வைத்திருக்கும் கடுமையான வகையின் இன்றைய வம்சம் 1996-ல் சீன தேசத்துக் குவாங்டாங் மாகாணத்தில் வாத்தினத்துப் பறவையில் கண்டுபிடிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளில் பல, நோயின் அடையாளம் ஒன்றும் காட்டாமலே இக்கிருமியை வயிற்றில் சுமந்துகொண்டு திரியும். எச்சத்தின் வழியாகத் தண்ணீரிலும் மண்ணிலும் கிருமி விழும். குளிர்ந்த நீரில் நாட்கணக்காக உயிரோடு இருக்கும். அங்கிருந்து மனிதனின் செருப்பிலும், சைக்கிள் சக்கரத்திலும், முட்டைத் தட்டிலும், கோழிக் கூண்டிலும் ஏறி ஊர் ஊராகப் போகும். கோழிக்கு வந்துவிட்டால் ஒரு கொட்டகை முழுவதும் இரண்டு மூன்று நாளில் காலியாகிவிடக் கூடும். கொண்டை நீலம் பாய்வது, முகம் வீங்குவது, காலில் இரத்தம் கட்டிச் சிவப்பது, முட்டை திடீரென்று நின்று போவது முதலியவை அடையாளங்கள். சில சமயம் இவை ஒன்றும் இல்லாமலே, இரையெடுத்துக் கொண்டிருந்த கோழி விழுந்து சாவதும் உண்டு.

மனிதனுக்கு இது எளிதில் வருவதில்லை. வந்தாலோ, லேசில் விடுவதில்லை. 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் செத்தார்கள். 2003 முதல் உலகத்தில் 900 பேருக்கு மேல் இந்நோய் கண்டு, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குச் சொல்லுகின்றது. நமது தேசத்திலும் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுப் பையன் ஒருவன் டில்லி ஆஸ்பத்திரியில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவில் பல்நாடு ஜில்லாவைச் சேர்ந்த 2 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அக்குழந்தை பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றதாகப் பத்திரிகைகள் எழுதின.

கோழிகளுக்கு வந்த கதையோ இன்னும் பெரிது. இந்தியாவில் முதன் முதல் இது கண்டுபிடிக்கப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் ஜில்லா நவாப்பூரில். 2008-ல் மேற்கு வங்காளத்தில் லக்ஷக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. நமது பக்கத்து வீடாகிய கேரளத்தின் ஆலப்புழையில் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வாத்துகள் செத்தன. ஒவ்வொரு தடவையும் தேனி, கோவை, கன்னியாகுமரி எல்லைகளில் நம் சர்க்கார் சாவடி போட்டு, வருகின்ற வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளிக்கின்றது. அது சரிதான். ஆனால் வானத்தில் பறந்து வரும் நாரையும் வாத்தும் எந்தச் சாவடியில் நின்று மருந்து தெளித்துக்கொண்டு வரும்? சாவடி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உண்மையான சாவடி ஒவ்வொரு வீட்டுக் கோழிப் பஞ்சாரத்தின் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லுகின்றோம். அந்தச் சாவடியின் காவல்காரர்தான் நாம் மேலே சொன்ன ஆத்தாள். அவர் வாய் திறந்து சொன்னால் நோய் அந்தத் தெருவோடு நிற்கும். சொல்லாவிட்டால் ஜில்லா முழுவதும் போகும்.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சாமி. இரண்டு, பயம். மூன்று, சர்க்காரின் அலட்சியம். மூன்றையும் தனித்தனியே எடுத்துக் கொள்வோம்.

முதலாவது சாமி விஷயம். கோழிச் சீக்கு ஆத்தாளின் கோபத்தால் வருகின்றது என்பது நம் பாமர மக்கள் நம்பிக்கை. அப்படியானால் ஒன்று கேட்கின்றோம். வெள்ளைக் கழிச்சல் என்று நம்மவர் சொல்லும் நோய்க்கு ராணிக்கேட் என்று ஒரு பெயர் உண்டு. குமாவுன் மலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது. அந்நோய்க்கு நமது இராணிப்பேட்டையில், 1932-ல் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் மருந்து செய்கின்றார்கள். அந்த மருந்து போட்ட கோழிகளிடம் ஆத்தாள் கோபம் செல்லுவதில்லை. போடாத கோழிகளிடம் மாத்திரம் செல்லுகின்றது. மருந்துச் சீசாவைக் கண்டு அஞ்சும் கோபம் தெய்வத்தின் கோபமாக இருக்க முடியுமா? நோய் ராணிக்கேட், மருந்து இராணிப்பேட்டை. இந்த இரண்டு ராணிகளுக்கும் நடுவில் மாரியாத்தாளுக்கு என்ன வேலை?

2024-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் முதலிய இடங்களில் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்கே வந்துவிட்டது. 2022-க்குப் பின் அந்தத் தேசத்தில் 10 கோடிக்கு மேல் கோழிகள் அழிந்தன. அங்கே எந்த ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றத் தவறினார்கள்?

"நேர்ந்து கொள்வதால் என்ன நஷ்டம்? ஒரு மனச்சாந்திதானே!" என்று படித்தவர்கள் சிலர் சொல்லுகிறார்கள். நஷ்டம் இருக்கின்றது. காசு முடிந்து வைத்த நாளும், சேவல் நேர்ந்த நாளும், குறி கேட்ட நாளுமாக மூன்று நாள் போகின்றதே, அந்த மூன்று நாளும் கிருமிக்குக் கிடைத்த மூன்று நாள் அல்லவா? அன்றியும், சீக்குப் பட்ட வீட்டிலிருந்து நேர்ந்த சேவலைத் தூக்கிக் கொண்டு கோவிலுக்குப் போகிறார்கள். அங்கே பத்து ஊர்ச் சேவலும் வந்து கூடுகின்றது. ஒன்றன் எச்சம் மற்றதன் காலில் படுகின்றது. எந்தச் சாமியின் பேரால் கூட்டினாலும் சரி, சேவல்கட்டின் பேரால் கூட்டினாலும் சரி, சந்தையின் பேரால் கூட்டினாலும் சரி, நோய்க் காலத்தில் பல ஊர்ப் பறவைகளை ஓரிடத்தில் கூட்டுவது நோய்க்கு வண்டி கட்டிக் கொடுப்பதாகும்.

மாரியாத்தாளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லி விடுகின்றோம். வைசூரியை 'அம்மை' என்றே பேரிட்டு, ஆத்தாள் வந்து விளையாடுகிறாள் என்று வேப்பிலை கட்டிக் காத்திருந்தவர்கள் நாம். இன்று அந்த வைசூரி எங்கே? இந்தியாவில் 1975-க்குப் பின் இல்லை. உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் பிரகடனம் செய்தார்கள். எப்படி ஒழிந்தது? ஊசியால் ஒழிந்தது என்பது பாதி உண்மை. மற்றொரு பாதி, வீடு வீடாகத் தேடியது. கையில் படத்தை எடுத்துக் கொண்டு ஒவ்வொரு வாசற்படியிலும் போய், "இப்படி யாருக்காவது இருக்கின்றதா?" என்று கேட்டார்கள். இருக்கின்றது என்று வந்து சொன்னவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். கடைசிக் காலத்தில் அந்த வெகுமதி 1,000 ரூபாய் வரை ஏறிற்று. மாட்டுக்கு வந்துகொண்டிருந்த வெக்கை நோயும் இப்படியே ஊசியாலும் தேடுதலாலும் ஒழிந்து, 2011-ல் உலகத்தில் இல்லை என்றாயிற்று. அம்மனுக்குச் சொன்னபோதெல்லாம் ஒழியாத நோய்கள், மனிதனிடம் சொன்னபோது ஒழிந்தன.

இரண்டாவது, பயம். "சொன்னால் மிச்சத்தையும் கொன்று விடுவார்கள்" என்றார் அந்த அம்மாள். இது வெறும் மூடநம்பிக்கை அல்ல. அதில் உண்மையும் இருக்கின்றது. பறவைக் காய்ச்சல்தான் என்று பரீக்ஷையில் உறுதிப்பட்டால், அவ்விடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் 2021-ல் திருத்தப்பட்ட மத்திய சர்க்காரின் திட்டம். கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் ஹாங்காங்கில் 1997 டிசம்பர் முடிவில் ஊரிலுள்ள கோழிகள் அவ்வளவையும், அதாவது 12 லக்ஷத்திற்கு மேல், சில நாட்களுக்குள் அழித்தபோது, மனிதருக்கு அங்கே பரவிய நோய் அத்தோடு நின்றது என்பது பிரத்தியக்ஷம். ஆரம்பத்தில் சொன்னால் ஒரு தெருக் கோழியோடு முடியும். மறைத்தால் ஒரு தாலுகாக் கோழி போகும். 2008-ல் மேற்கு வங்காளத்தில் ஜனங்கள் கோழிகளை ஒளித்து வைத்தார்கள். வேறு இடங்களுக்குக் கொண்டு போனார்கள். நோயும் கூடவே போயிற்று.

மறைப்பது ஏழை மாத்திரம் செய்கின்ற காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரியவர்கள் மறைத்ததற்கும் சரித்திரம் இருக்கின்றது. தாய்லாந்து தேசம் கோழி ஏற்றுமதியில் உலகத்தில் முன் வரிசையில் இருந்தது. 2003 கடைசியிலும் 2004 ஆரம்பத்திலும் அங்கே கோழிகள் கூட்டங் கூட்டமாய்ச் செத்தன. அது 'கோழிக் காலரா' என்று அந்தச் சர்க்கார் சாதித்தது. வியாபாரம் கெட்டுவிடுமே என்ற கவலை. கடைசியில் 2004 ஜனவரி 23-ல், மனிதருக்கே நோய் கண்ட பிறகு, பறவைக் காய்ச்சல்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மறைத்ததால் வியாபாரம் பிழைத்ததா? இல்லை. வெளிதேசங்கள் வாங்க மறுத்தன. கோழியும் போயிற்று, உயிரும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று.

ஆனால் அதே தாய்லாந்து பிறகு செய்த காரியத்தைப் பாராட்ட வேண்டும். 2004 அக்டோபரில் கிராமத் தொண்டர்களை லக்ஷக்கணக்கில் கூட்டி, வீடு வீடாகப் போய்க் கோழிகளை விசாரிக்கச் செய்தது. எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை செத்தது, யாருக்காவது காய்ச்சலா என்று தேடினார்கள். 2004 முதல் 2006 வரை 25 பேருக்கு வந்து 17 பேரைக் கொன்ற நோய், அதற்குப் பின் ஆண்டுக்கணக்காய் மனிதரிடம் தலை காட்டவில்லை. பொய் சொன்ன காலத்தில் பரவியது. வீடு வீடாகக் கேட்ட காலத்தில் அடங்கியது. இதைவிட வேறு என்ன சாக்ஷி வேண்டும்?

மூன்றாவது, சர்க்காரின் பொறுப்பு. 2009-ல் பிராணிகளின் தொற்று நோய்களைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் பிராணியின் சொந்தக்காரர் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திலோ சொல்ல வேண்டும், அவர்கள் கால்நடை டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். நோயுள்ளதைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்றும், நோயால் செத்த உடலை ஆற்றிலும் குளத்திலும் போடுவது குற்றம் என்றும் அதில் இருக்கின்றது. நல்ல சட்டந்தான். ஆனால் ஹைக்கோர்ட்டுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அந்த அம்மாளுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாராவது சொன்னதுண்டா? அறியாத ஜனங்களுக்குக் குற்றம் என்று எழுதி வைத்துவிட்டு, அறிவிக்க வேண்டிய கடமையை மாத்திரம் மறந்துவிடுவது என்ன நியாயம்?

நஷ்டஈடு விஷயமும் அப்படியே. அழிக்கப்படும் பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் ஈடு கொடுக்க வேண்டுமென்று திட்டத்தில் இருக்கின்றது. மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் பாதிப் பாதி. 2021-ல் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்து ஒன்றுக்கு 200 ரூபாய், அதற்கு இளையதற்கு 100 ரூபாய் என்று கொடுத்தார்கள். ஈடு என்பது அழிக்கப்படும் பறவைக்குத்தான் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கோழி தானே செத்து முடிந்த பிறகு சொன்னால் கிடைப்பது கஷ்டம். ஆகவே முன்னால் சொல்லுகிறவருக்கே லாபம். இதை எந்தப் பஞ்சாயத்துச் சுவரிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? எழுதி வைக்காதவரை, மருந்துக் கவசம் மாட்டிக் கொண்டு வந்து கோழி பிடிப்பவர்களை ஜனங்கள் கொள்ளைக்காரர்களாகத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கோழி என்பது என்ன என்று பட்டணத்து அதிகாரிகள் யோசிக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு நிலம் இல்லை, வீடு இல்லை, பெட்டிச் சாவி இல்லை. புருஷனையும் மகனையும் கேட்காமல் ஒரு பெண் எடுத்துச் செலவழிக்கக் கூடிய காசு பெரும்பாலும் முட்டைக் காசும் கோழிக் காசுந்தான். பேத்திக்கு நோட்டுப் புஸ்தகமும், தனக்கு மாத்திரையும், பஸ் சார்ஜும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்தச் சொத்தை ஊர் நன்மைக்காக ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக் கொள்ளுகிறபோது, ஈட்டுப் பணத்தை அவர் கையில், அவர் பேரில், அலைய வைக்காமல் கொடுப்பதே யோக்கியமான சர்க்காருக்கு அழகு. செத்த மறுநாளே வந்து சொன்னவருக்கு, செத்த கோழிக்கும் ஒரு தொகை கொடுக்க வேண்டுமென்றும் நாம் சொல்லுகின்றோம். வைசூரிக்கு 1,000 ரூபாய் கொடுத்த தேசம் கோழிச் சீக்கைச் சொல்ல வந்தவருக்கு 100 ரூபாய் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது. கம்பெனிக் குஞ்சைக் கூலிக்கு வளர்க்கும் கொட்டகைக்காரர் சங்கதியையும் இதோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும். குஞ்சு கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் குடியானவருடையது என்றால், மாதக்கணக்காகக் கொட்டகை காலியாய்க் கிடப்பதற்கு யார் ஈடு கொடுப்பது?

இன்னொன்று. செத்த கோழியை எடுத்துப் புதைக்க ஒரு குறிப்பிட்ட ஜாதியாரைக் கூப்பிடுவதும், சாகக் கிடக்கும் கோழியை 'நீ கொண்டு போய்த் தின்னு' என்று சேரிக்குத் தள்ளிவிடுவதும் எந்த ஊரில் நடந்தாலும் அது இரட்டைக் குற்றம். தனக்கு ஆகாத நோய் பிறனுக்கு ஆகும் என்று நினைப்பதுதான் ஜாதி புத்தி. கிருமிக்கு அந்தப் புத்தி இல்லை. கோழி யாருடையதோ அவரே, கைக்கும் மூக்குக்கும் மறைப்பு வைத்துக் கொண்டு, டாக்டர் சொல்லுகிறபடி புதைக்கட்டும். கூலிக்கு ஆள் வைத்தால் அவருக்கும் அந்தக் கவசத்தைக் கொடுக்கட்டும்.

நிற்க, இந்நோயின் பேரைச் சொல்லிக் கண்மாய்க்கு வரும் பறவைகளைக் கல்லால் அடிக்கவும், கூட்டைக் கலைக்கவும் சிலர் கிளம்பக்கூடும். அதுவும் மடமையே. கலைத்த பறவை நோயோடு வேறு கண்மாய்க்குப் போகுமே ஒழியச் சாகாது. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிச் சரணாலயம் இருக்கின்றது. அதை அடுத்த கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இப்படிப் பறவைகளைக் கவனிக்கத் தெரிந்த நம் கிராமத்து ஜனங்களுக்கு, கரையில் பத்துப் பறவை செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் போய்ச் சொல்லவும் தெரியும். சொல்லுவதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தால் போதும்.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகின்றோம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தை ஒட்டிக் கால்நடைத் துறையார் இரண்டு வாரம் கோழிக் கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறார்கள். ஒரு கோழி விடாமல் கொண்டு போக வேண்டும். இதனால் கழிச்சல் நிற்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கின்றது. வெள்ளைக் கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதவை. கழிச்சல் வருஷந்தோறும் வருவதால் 'வழக்கமான சீக்குத்தானே' என்று எல்லோரும் இருந்து விடுகிறார்கள். அந்த மறைவில் மற்றதும் ஒளிந்து கொள்ளலாம். கழிச்சலுக்கு மருந்து போட்ட கோழிகளே கூட்டமாய்ச் செத்தால், இது வேறு என்று அன்றே தெரிந்து விடும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி காரணமின்றிச் செத்தால் மற்றவற்றை அடைத்துப் போடுங்கள். விற்காதீர்கள், உறவினருக்குக் கொடுக்காதீர்கள், அறுக்காதீர்கள், கண்மாயில் வீசாதீர்கள். வெறுங்கையால் தொடாமல், குழந்தைகளையும் நாயையும் விலக்கி வைத்து, சோப்பால் கை கழுவிக் கொண்டு, வி.ஏ.ஓ.விடமும் பஞ்சாயத்திலும் மாட்டாஸ்பத்திரியிலும் சொல்லுங்கள். 1962 என்ற நெம்பருக்குப் போன் செய்தும் சொல்லலாம். நாளையும் எண்ணிக்கையையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். 'சொல்லவில்லையே' என்று பின்னால் யாரும் தட்டிக் கழிக்க முடியாது. இறுதியான பரீக்ஷை போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் நடக்கின்றது. அங்கே போக வேண்டிய சாக்ஷி உங்கள் வீட்டில் இருக்கும் கோழிதான். சீக்குக் கோழியைத் தொட்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலும் மூச்சு முட்டலும் வந்தால், டாக்டரிடம் கோழி செத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றபடி வதந்தியைக் கேட்டுக் கறியையும் முட்டையையும் ஒதுக்க வேண்டியதில்லை. 70 டிகிரிச் சூட்டில் நன்றாக வெந்த கறியில் இக்கிருமி உயிரோடிராது. நம் குழம்பு கொதிப்பது அதற்கும் மேலே. ஆபத்து சீக்குக் கோழியை அறுப்பதிலும், உரிப்பதிலும், பச்சையாய் வாயில் வைப்பதிலும் இருக்கின்றது. செல்போனில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாட்டிலுள்ளவர்கள் எல்லாம் முட்டையை நிறுத்தினால், நாமக்கல் பண்ணை முதலாளியைவிட அங்கே முட்டை பொறுக்கும் கூலிக்காரருக்கே முதலில் சோறு போகும்.

நமது இயக்க வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் சாமி இல்லை என்று பேசுவது சுலபம். சாமியிடம் போகும் அந்த அம்மாளுக்குப் போவதற்கு வேறு இடத்தைக் காட்டுவதே கஷ்டமான வேலை. தாய்லாந்துத் தொண்டர்கள் செய்ததை ஒத்தக்கடை வாலிபர்கள் செய்ய முடியாதா? தெருவுக்கு ஒருவர், கையில் ஒரு நோட்டுப் புஸ்தகம், வாரத்துக்கு ஒரு நாள். "ஆத்தா, கோழி எல்லாம் சுகமா?" என்று கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. கேட்டதைக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போய்ச் சேர்க்கவும், அவர் வரும்வரை விடாமல் கேட்கவும் வேண்டும்.

"கோழிக்கு எவன் வருவான்?" என்று அந்த அம்மாள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கின்றது. அவரிடம் மீதியிருக்கும் பெட்டை முட்டையிட்டு, அடைக்கு அமர்ந்து, குஞ்சு பொரிக்கும். அடுத்த பிப்ரவரிக்குள் அந்தக் குஞ்சுகளுக்கு மருந்து போடுவதற்கு ஓர் ஆள் அவர் வாசலுக்குப் போக வேண்டும். அவர் போய்ச் சொன்னால் கேட்பதற்கும், எடுத்தால் ஈடு கொடுப்பதற்கும் சர்க்கார் தயாராக இருக்க வேண்டும். இவ்விரண்டும் நடந்தால் கருப்பனுக்கு நேர்ந்த சேவலைப் பற்றி நாம் அவரிடம் வாதாட வேண்டிய அவசியமே இராது. அதை என்ன செய்வது என்று அவரே யோசித்துக் கொள்ளுவார் என்பது நமது அபிப்பிராயம்.